'கிடைக்குமா, டீச்சர்?'



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் என் கைப்பேசிக்கு ஓய்வே இருப்பதில்லை. நானோ தொடக்கப்பள்ளி ஆசிரியை. என்னிடம் பயின்ற பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் விடைபெற்றுச் செல்கின்றனர். அதன்பின் ஆறேழு ஆண்டுகள் கழித்து அவர்களின் அப்பாவோ அம்மாவோ அழைக்கிறார்கள். இடைநிலைப்பள்ளி ஆசிரியரை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மலாய்மொழியில் பேசிக் கேட்பதற்குத் தயக்கம். ஆகவே, தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"டீச்சர், பிள்ளைக்கு யூனிவர்சிட்டி கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாக இரண்டு விடைகளை வைத்திருக்கிறோம். ஒன்று, "கண்டிப்பா கிடைக்கும்மா, கவலைப்படாதீங்க". மற்றொன்று, "நம்ம பிள்ளைங்களுக்கு எங்க கொடுக்கப் போறாங்க?" முன்னது அன்பினால் சொல்வது, பின்னது ஆற்றாமையால் சொல்வது. இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்லப்படுபவை. இன்று இந்த இரண்டு விடைகளையும் எதிர்த்துத்தான் எழுதப்போகிறேன். நானும் அப்படிச் சொன்னவள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து என்னிடம் பயின்ற மாணவி எஸ்.டி.பி.எம். முடித்திருந்தாள். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் தோட்ட மருந்தடிப்பு வேலை. பிள்ளையின் மொத்தத் தரப்புள்ளிச் சராசரி 3.67. முடிவைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. நான்கு பாடங்களில் ஓர் ஏ, இரண்டு ஏ மைனஸ், ஒரு பி பிளஸ். தோட்டத்துப் பிள்ளை! மருந்தகத்துறைதான் படிப்பேன் என்றாள். "உனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்கம்மா கிடைக்கும்" என்றேன். விண்ணப்பத்தில் எல்லாத் தெரிவுகளையும் மருந்தகத்துறைக்கும் அதை ஒட்டிய இரண்டொரு துறைகளுக்குமே போட்டாள். நானும் அருகில் இருந்துதான் பார்த்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தத் தந்தை என்மீது கோபப்படவில்லை. "பரவாயில்ல டீச்சர், நமக்கு அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு இரவில் உறக்கம் வரவில்லை. 'நமக்கு அவ்வளவுதான்' என்று அவரைச் சொல்ல வைத்தது யார்? கணக்குத் தெரியாமல் உறுதி கூறிய நான்தானே?

நான் எஸ்.பி.எம். முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குச் சென்றவள். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை என் வாழ்நாளில் நிரப்பியதே இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகளில் என் வயதை ஒத்த ஆசிரியர்கள் பலரின் நிலையும் இதுதான். நாம் செல்லாத பாதைக்கு நாமே வழிகாட்டிகளாக இருக்கிறோம். அதன்பிறகுதான் நான் உட்கார்ந்து கணக்கைப் படித்தேன்.

கணக்கு கடினமானதன்று. ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடியதே. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தகுதிப்புள்ளி, அதாவது எல்லாரும் 'மெரிட்' என்று சொல்வது, நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 90 புள்ளி கல்வித் தேர்ச்சிக்கு. 10 புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்.டி.பி.எம். மாணவரானால், தரப்புள்ளிச் சராசரியை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்க வேண்டும். அதனோடு புறப்பாடப் புள்ளியைக் கூட்ட வேண்டும். அவ்வளவே.

என் மாணவியின் 3.67ஐ இவ்வாறு கணக்கிட்டால் 82.58 வருகிறது. அவளுடைய புறப்பாடப் புள்ளி பத்துக்கு 5.9. மொத்தம் 88.48. அவளைவிடத் தேர்வில் குறைந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சராசரி 3.58தான். ஆனால், புறப்பாடத்தில் 9.4 வாங்கியிருக்கிறார். 80.55உடன் 9.4ஐக் கூட்டினால் 89.95. தேர்வில் பின்தங்கியவர் பட்டியலில் முந்திவிட்டார்! நான் 'தோட்டத்துப் பிள்ளை 3.67 வாங்கிவிட்டாள்' என்று பூரித்துக்கொண்டிருந்தபோது, 5.9 என்ற எண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நான்கு பாடங்களுள் ஒன்றில் பி பிளஸ் வாங்குவதற்குப் பதில் ஏ மைனஸ் வாங்கினால், மெரிட் ஏறக்குறைய 1.9 உயர்கிறது. அந்த ஒரு படியை ஏற, மாணவர் ஒன்றரை ஆண்டு டியூஷன் செல்கிறார். பெற்றோர் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றனர். அதே 1.9ஐ, சீருடை இயக்கத்தில் தவறாமல் கலந்துகொண்டு ஒரு பொறுப்பு வகித்து, ஏதேனும் ஒரு விளையாட்டில் மாவட்ட நிலைக்குச் சென்றாலும் ஈட்டிவிடலாம். புறப்பாடத்தை 'விளையாட்டு' என்று நாம் ஒதுக்கிவிடுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஏனெனில், மலாக்காத் தோட்டங்களின் உண்மையான சிக்கல் இந்தப் பத்துப் புள்ளிக்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

புறப்பாடப் புள்ளி எப்படி வருகிறது? விளையாட்டு, கழகம், சீருடை இயக்கம் ஆகிய மூன்றிலும் வருகைக்குப் புள்ளி, வகிக்கும் பதவிக்குப் புள்ளி, பங்கேற்ற நிலைக்குப் புள்ளி. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று நிலை உயர உயரப் புள்ளியும் உயரும். இதில் இனமில்லை, மொழியில்லை. ஆயினும், வேன் இருக்கிறது! புறப்பாட நடவடிக்கை பிற்பகலில் நடக்கிறது. பட்டணத்துப் பிள்ளையைத் தகப்பனார் மாலையில் காரில் வந்து அழைத்துச் செல்கிறார். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி விட்டதும் புறப்படும் வேன் ஒன்றுதான். அதை விட்டால், தெபோங்கிலோ நியாலாசிலோ ஆசகானிலோ உள்ள தோட்டத்துக்குள் போய்ச் சேர வேறு வழி இல்லை. செம்மண் சாலை, இரு பக்கமும் செம்பனை, பெண்பிள்ளை. எந்தத் தாய்தான் "இருந்துவிட்டு வா" என்பாள்? ஆகவே பிள்ளை வேனில் ஏறிவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் வெற்றிடம் விழுகிறது. வராத பிள்ளைக்குப் பதவி யார் கொடுப்பார்? பயிற்சிக்கு வராத பிள்ளையை மாவட்டப் போட்டிக்கு யார் அனுப்புவார்?

என் மாணவியின் 5.9இன் கதை இதுதான். நான் பிறகு கேட்டறிந்தேன். அவள் சோம்பேறி அல்லள். நமது பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டம் வரை சென்றவள். இடைநிலைப்பள்ளியில் அவள் ஓடவே இல்லை. அவளுடைய இடத்தை முடிவு செய்ததில் வேன்காரருக்கும் பங்குண்டு என்றால் அது மிகையாகாது. (வேன்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் இரண்டாம் நடை எண்ணெய்க் காசு கட்டுப்படியாக வேண்டும்.)

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்களுக்கு மேடை போட்டு, மாலை அணிவித்து, பரிசுக்கூடை கொடுக்கிறோம். நல்லதுதான். அந்தச் செலவில் ஒரு பகுதியை எடுத்து, வாரத்தில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு வேனை ஓட்ட முடியுமா? மாலை அணிவித்தால் படம் நாளிதழில் வரும். வேன் விட்டால் வராது. எனினும், ஐந்து மணி வேன் பத்துப் பிள்ளைகளின் மெரிட்டை ஆளுக்கு இரண்டு புள்ளி உயர்த்தும் என்று என்னால் துணிந்து கூற முடியும்.

இனி, அடுத்த சங்கதி. பெற்றோர்கள் பலர் 'குறைந்தபட்சத் தகுதி' என்பதை 'இடம் கிடைக்கும் தகுதி' என்று தவறாகப் புரிந்துகொள்கின்றனர். அறிவிப்பில் 'சராசரி 3.00' என்று இருந்தால், 3.00 பெற்ற பிள்ளைக்கு இடம் உறுதி என நினைக்கின்றனர். அது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. அதற்கப்பால் நடப்பது போட்டி. யு.பி.யு. விண்ணப்பத் தளத்தின் வழிகாட்டியில் ஒவ்வொரு துறைக்கும் சராசரி மெரிட் புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சராசரி என்றால் சராசரி. கடைசியாக நுழைந்தவரின் புள்ளி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எனவே, பிள்ளையின் புள்ளி சராசரியைவிட ஒன்றிரண்டு குறைந்தால் அத்துறையை விட்டுவிட வேண்டியதில்லை. ஏழெட்டு குறைந்தால், அத்துறையை ஒரு தெரிவாக வைக்கலாமே தவிர எல்லாத் தெரிவுகளையும் அதற்கே கொடுக்கக்கூடாது. நான் செய்த பிழை அதுவே. எட்டாக்கனி ஒன்று, எட்டும் கனி சில, கைக்குள் இருக்கும் கனி ஒன்றிரண்டு என்று கலந்து வைத்திருந்தால் என் மாணவி மேல்முறையீட்டுக்கு அலைந்திருக்க மாட்டாள். நேர்முகத் தேர்வு வைக்கும் துறைகளில் புள்ளி மட்டுமே போதாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

'எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் கேட்டது கிடைக்கும்' என்ற நம்பிக்கையும் இன்று பொய்த்துவருகிறது. எஸ்.டி.பி.எம்மில் 4.00 பெறுவோர் அண்மைய ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டுகின்றனர். 2025 செப்டம்பரில் நாடே பேசிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். சராசரி 4.00, மெரிட் 99.9 விழுக்காடு பெற்ற சீன மாணவர் ஒருவர் ஆறு பல்கலைக்கழகங்களில் கணக்கியல் துறையைக் கேட்டிருந்தார். ஆறிலும் கிடைக்கவில்லை. வேறொரு துறையில் இடம் வழங்கப்பட்டது. இச்செய்தியைப் படித்துவிட்டு, "4.00க்கே இல்லையாம், நாம் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். எனக்கு அதில் வேறொரு பாடம் தென்பட்டது. எல்லாரும் நிற்கும் வரிசையிலேயே நாமும் போய் நிற்கிறோம் என்பதுதான் அது. மருத்துவம், மருந்தகம், கணக்கியல், சட்டம் ஆகிய நான்கு பெயர்களைத் தவிர நம் வீடுகளில் வேறு துறையின் பெயர் ஒலிப்பதே இல்லை. கேட்ட துறை கேட்ட பல்கலைக்கழகத்தில்தான் வேண்டும் என்றால் வாய்ப்பு வேறு. பொதுப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் வேண்டும் என்றால் வாய்ப்பு வேறு. 'கிடைக்குமா?' என்ற ஒரே கேள்விக்குள் இந்த இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பெற்றோரிடம் நாம் முதலில் பிரித்துக் காட்ட வேண்டியது இதைத்தான்.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2007இல் இன்றைய பெயரைப் பெற்றது. பொறியியலும் தொழில்நுட்பமும் படிக்க நம் வாசலிலேயே ஒரு பொதுப் பல்கலைக்கழகம்! அந்தச் சாலையில் தினமும் மோட்டார்சைக்கிளில் செல்லும் பெற்றோர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அது நம்ம பிள்ளைங்களுக்குக் கிடையாதே டீச்சர்" என்று சிலர் சொல்வார்கள். அலோர் காஜாவில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கிளையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. இது எல்லாருக்கும் பொது. மலாக்கா, மெர்லிமாவ் பாலிடெக்னிக்குகளில் டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குள் நுழையும் பாதையும் இருக்கிறது. நீளமான பாதைதான்; ஆனால், மூடிய பாதையன்று.

தமிழை நேசிக்கும் பிள்ளைக்கும் இதையே சொல்வேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் பெறலாம். எஸ்.டி.பி.எம்மில் தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்கலாம். அதன் தரப்புள்ளியும் சராசரியில் சேரும்.

இப்போது, எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்துக்கு வருகிறேன்: மெட்ரிகுலேஷனா, படிவம் ஆறா?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002க்கு முன் பல்கலைக்கழக நுழைவில் இன அடிப்படையில் 55க்கு 45 என்ற பங்கீடு இருந்தது. 2002இல் அது அகற்றப்பட்டுத் தகுதி அடிப்படை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால், தகுதியை அளக்க இரண்டு தராசுகள் வைக்கப்பட்டன. ஒன்று ஓராண்டு மெட்ரிகுலேஷன். மற்றொன்று ஒன்றரை ஆண்டு எஸ்.டி.பி.எம். இரண்டு கடைகளில் நிறுத்த அரிசிக்கு ஒரே விலைச்சீட்டு ஒட்டினால் வாங்குபவர் கேள்வி கேட்க மாட்டாரா? கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தார்கள். 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள். 90க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. 2024இல், எஸ்.பி.எம்மில் பத்து ஏ பெற்றவர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்கத்தக்கதே. ஆயினும், என் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனைப் பேர் பத்து ஏ வாங்குகிறார்கள்? ஐந்து ஏ, மூன்று பி வாங்கும் பிள்ளைக்குத்தான் வழி வேண்டும். அந்தப் பிள்ளைதான் என்னிடம் வருகிறது.

அந்தப் பிள்ளைக்கு என் விடை: படிவம் ஆறு. இதில் எனக்கு ஐயமே இல்லை. மலாய்மொழியில் கிரெடிட்டும் கேட்கப்படும் மற்றப் பாடங்களில் கிரெடிட்டும் இருந்தால் இனப் பங்கீடு பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் பாதை அது ஒன்றே. வீட்டிலிருந்தே சென்று வரலாம். கட்டணம் மிகக் குறைவு. மஸ்ஜித் தானா, லொண்டாங்கில் உள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரிக் கடிதம் வருமா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்து, மேல்முறையீடும் செய்து, அதுவும் வராமல் போன பிறகு, 'படிவம் ஆறு கடினமாம்' என்று யாரோ சொன்னதை நம்பிப் பிள்ளையைத் தனியார் கல்லூரியில் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். எஸ்.டி.பி.எம். கடினம் என்பது முன்பு முழு உண்மை. எல்லாவற்றையும் ஒரே தேர்வில் கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. 2012 முதல் மூன்று பருவங்களாகப் பிரித்து நடத்துகிறார்கள். பள்ளியில் செய்யும் இடுபணிக்கும் புள்ளி உண்டு. ஒரு பருவத்தில் சறுக்கினால் மீண்டும் எழுதவும் இடம் கொடுக்கிறார்கள். கடினந்தான்; ஆனால், பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

தனியார் கல்லூரிகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. நல்லவையும் உண்டு. எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன்பே தோட்டத்து மண்டபத்தில் மேசை போட்டு, பை ஒன்றை இலவசமாகக் கொடுத்து, கையெழுத்து வாங்கிச் செல்பவர்களைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். பி.டி.பி.டி.என். கடன் பிள்ளையின் பெயரில் ஏறும். பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் பாதியில் நிற்காது.

அநீதி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மற்றவர்களும் இதே கேள்வியோடு போராடியவர்கள்தாம். இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் வந்த முறை அங்குள்ள தமிழ் மாணவர்களின் மனத்தில் ஏற்படுத்திய காயம் நாம் அறிந்ததே. இன்று அங்கே நாற்பது விழுக்காடு தீவு முழுதுக்குமான தகுதிக்கும், ஐம்பத்தைந்து விழுக்காடு மாவட்ட அடிப்படைக்கும், ஐந்து விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாட்டில் 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கினார்கள். பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதையும் தகுதிக் கணக்கில் சேர்க்க முடியும் என்பதற்கு இவை சான்று. நமது 90க்கு 10 கணக்கிலோ தோட்டத்து வேனுக்கு இடமில்லை. அந்த இடத்தைக் கேட்டு வாங்குவது அரசியலாளர்களின் வேலை. நாம் அவர்களை விடாமல் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் பிள்ளைக்கு வயது பதினேழாகிவிடுகிறதே! அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகம் எதுவாயினும் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் கேட்கும்; வரலாற்றில் தேர்ச்சி கேட்கும். பத்துப் பாடங்களில் எட்டு நன்றாக எழுதிய பிள்ளை, மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கிரெடிட்டுக்கான அடித்தளம் நான்காம் ஆண்டு மலாய்மொழிக் கட்டுரையில் போடப்படுகிறது. தமிழ்ப்பள்ளியில் தமிழை விட்டுக்கொடுக்காமலேயே இதைச் செய்ய முடியும்; செய்துகொண்டிருக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் ஏழு ஏ வாங்கிய பிள்ளைகளின் படத்தை நாளிதழில் போட்டோம். எதிர்கால மருத்துவர்கள் என்றுகூட எழுதினோம். 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. ஒரு வகையில் நிம்மதி. இன்னொரு வகையில் பெற்றோருக்குப் பிள்ளையின் நிலை தெரியாமல் போய்விட்டது. படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் 2022இல் அகற்றப்பட்டதால், முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம்தான். பதினேழு வயதில்தான் முதன்முதலாகக் கண்ணாடியில் முகம் பார்க்கிறோம்! ஆகவே, வகுப்பாசிரியரின் நேர்மையான சொல் முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது. 'நல்லா படிக்கிறான்' என்று அடைவுநிலை அறிக்கை வழங்கும் நாளில் ஒப்புக்குச் சொல்லி அனுப்பாமல், எந்தப் பாடத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறான் என்று சொல்லத்தான் வேண்டும். பெற்றோர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

என் மாணவி என்னவானாள் என்று கேட்பீர்கள். மேல்முறையீட்டில் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேறொரு துறை கிடைத்தது. படித்து முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது மருந்தகத்துறையைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

சென்ற மாதம் அதே வட்டாரத்திலிருந்து வேறொரு தந்தை வந்திருந்தார். மகன் படிவம் நான்கு. அதே கேள்வி: "கிடைக்குமா, டீச்சர்?" நான் ஒரு தாளை எடுத்தேன். மேலே 90 என்றும் கீழே 10 என்றும் எழுதினேன். அரையாண்டுத் தேர்வுப் புள்ளிகளைக் கேட்டேன், சொன்னார். மலாய்மொழியில் கிரெடிட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். புறப்பாடத்தில் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "ஒன்னும் செய்யல டீச்சர், வேன் போயிடும்" என்றார். "அப்படியென்றால் இப்போதைக்கு இந்தப் பத்தில் ஐந்துதான் வரும்" என்று எழுதிக் காட்டினேன்.

அவர் தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைநிமிர்ந்து, "அது எந்தக் கிழமை டீச்சர், எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். புதன்கிழமை, நான்கரை மணிக்கு என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "புதன்கிழமை எனக்கு ரெண்டு மணிக்கே வேலை முடிஞ்சிரும்" என்றார்.